சம்மதம்னு ஒரு நிறுத்தம்

இல்லல்ல, அந்த நாற்காலில உக்காராதீங்க, ஒரு பக்கமா சாயும். இதுல உக்காருங்க. இது என்னோடதுதான், பரவால்ல, நான் நின்னுக்கிட்டே வேலை பாத்துப்பேன். கதவ சாத்திடட்டுமா? சாத்தினாத்தான் ஹால்ல எடுக்கற ஷூட்டிங் சத்தம் உள்ள வராது. உள்ள இருக்கற சத்தமும் வெளில போகாது. சுவர் முழுக்க கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கு பாருங்க. மேல மாடிப்படி, கீழ நான். இங்க ஒருத்தி தொண்ட கிழியக் கத்தினாலும் ஹால்ல ஒரு ஈ கூடத் திரும்பிப் பாக்காது. ஐயோ, பயந்துடாதீங்க, சும்மா சொன்னேன். பூட்டெல்லாம் இல்ல. இந்த வீட்டுல எந்தக் கதவுக்கும் பூட்டே கிடையாது. பூட்டே இல்லாம ஒருத்தி எப்படி மாட்டிக்கிட்டான்னுதான் எனக்கே இன்னும் விளங்கல.

உங்க அம்மாவா? நல்லா இருக்காங்க, அத்தை பக்கத்துல சோபால உக்காந்து பேசிட்டிருக்காங்க. நான் அத்தைன்னு சொல்றது எங்க மாமியார. வந்தவுடனே உங்க கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லையே, அவங்கதான். கேமராவுக்குப் பின்னாடி நிக்கறது எங்க வீட்டுக்காரர், மூத்தவர். மாப்பிள்ளை அவர் தம்பி. உங்களுக்குத் தெரியாததா, அவரப் பாக்கத்தானே வந்திருக்கீங்க. நீங்க சரின்னா எனக்கு ஓரகத்தி ஆயிடுவீங்க. ஆனா நீங்க இன்னும் சரின்னு சொல்லல. தெரியும் எனக்கு. யோசிச்சுச் சொல்றேன்னு உங்க அம்மா காதுல சொன்னீங்கல்ல, அது கூட எனக்குத் தெரியும். எப்படின்னு அப்புறம் சொல்றேன்.

நீன்னு கூப்பிடச் சொல்றீங்களா? வேண்டாங்க. நீங்கன்னே இருக்கட்டும். நீன்னு ஆரம்பிச்சா சொந்தம் ஆயிடும். அதுல எனக்கு இப்ப இஷ்டம் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க.

இதுவா? ஸ்க்ரீன்ல நீலமா ஒரு கோடு நகந்துட்டிருக்கே, அதானே? கம்ப்ரஸ் ஆகுது. வீடியோ எடுத்தா யானை கணக்கா இருக்கும், அத அப்படியே வெப்சைட்ல ஏத்தினா எவன் போன்லயும் ஓடாது. இந்த சாஃப்ட்வேர்ல போட்டா சுருக்கி ஒரு பூனை அளவுக்கு ஆக்கிக் குடுக்கும். வீட்டுல நடக்கறதையெல்லாம் வீடியோவா போட நம்ம குடும்பம் சொந்தமா சைட்டே வச்சிருக்கு, தெரியும்ல? மத்தவன் இடத்துல ஏத்தினா அவன் இஷ்டத்துக்கு ஆடணும்னு மாமா சொல்லிட்டார். மாமான்னா மாமனார். அதனால ஏத்தறது, எறக்கறது, பழசத் தூக்கிட்டு அதே பேர்ல புதுச வைக்கறது, எல்லாம் இந்த ஒரு ரூம்லேந்துதான். சாவி இந்த ரெண்டு கைதான். வீட்டுல வேற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க ஆசையும் இல்ல, உக்காந்து முதுகு வலிக்கற வேலை பாருங்க.

எப்படி சுருக்கும்னா, அதுக்கு ஒரு சோம்பேறித்தனம் இருக்கு. அசையற பொருள மட்டும்தான் புதுசு புதுசா எழுதிக்கும். அசையாம இருக்கற சுவரு, ஜன்னல், அலமாரி, இதெல்லாம் ஒரு தடவ எழுதிக்கிட்டு, அதையே திருப்பித் திருப்பிக் காட்டும். நம்ம வீடியோ எதையாவது பாத்திருக்கீங்களா? எல்லாத்தையும் உங்க அம்மா போட்டுக் காட்டினாங்களா, சரிதான். அதுல எல்லாம் நான் எங்க நிப்பேன் சொல்லுங்க. பாத்தீங்களா, யோசிக்கறீங்க! அலமாரி பக்கத்துல தட்டோட நிப்பேங்க. சிரிச்ச முகமா, அசையாம. என்னையும் அந்த அலமாரியோட சேத்து ஒரே தடவையா எழுதி முடிச்சிடும் இது. நானே கம்ப்ரஸ் பண்றேன், நானே அலமாரி ஆகறேன்.

ஆனா ஒண்ணு. நிறுத்தம் வச்சோம்னா, அந்த எடத்துல மட்டும் இதோட சோம்பேறித்தனம் செல்லாது. முழுப் படத்தையும் முதல்லேந்து புதுசா எழுதியாகணும். ஏன்னா ஜனங்க நேரா அங்கதான வந்து குதிப்பாங்க. நிறுத்தம்னா என்னன்னு கேக்கறீங்களா? மார்க்கருங்க. வீடியோவுக்குக் கீழ வரிசையா பேரு வரும்ல, சமையலறை, மாமாவோட அறிவுரை, அத்தையோட பதில்னு. எது வேணுமோ அத அமுக்கினா நேரா அங்க போயிடலாம். அத்தைக்கு மார்க்கர்னு வாய்ல வரல. பஸ்ஸு நிக்கற எடம் மாதிரிதானடி, நிறுத்தம்னு சொல்லிட்டுப் போயேன்னாங்க. அதுலேந்து வீட்டுல எல்லாருக்கும் நிறுத்தம்தான். விடிஞ்சதும் எனக்குக் காபி குடிச்சியான்னு கேக்க மாட்டாங்க, நிறுத்தம் போட்டியான்னுதான் கேப்பாங்க.

மத்த எடத்துல எப்படின்னா, வீடியோ எடுப்பாங்க, அப்புறம் உக்காந்து பாத்து, எங்க என்ன நடந்துதோ அங்க நிறுத்தம் வைப்பாங்க. அதானே முறை? எங்க வீட்டுல தலகீழ். நிறுத்தம் முதல்ல. அத்தை சொல்லச் சொல்ல நான் வரிசையா அடிச்சு வச்சிடுவேன். அப்புறம் அந்த வரிசைப்படி எல்லாரும் வாழணும்.

சிரிக்கறீங்க. நானும் சிரிச்சேன், வந்த புதுசுல. ஒரு தடவ மாமா அத்தைக்குக் கைக்கடிகாரம் பரிசு குடுக்கற வீடியோ. அத்தை கண் கலங்குறாங்கன்னு ஒரு நிறுத்தம். மாமா குடுத்தார், கலங்கல. மறுபடி குடுத்தார், கலங்கல. எப்படிக் கலங்கும், கடைக்குப் போய் அத எடுத்ததே அத்தைதான! எங்க வீட்டுக்காரர் கேமராவ நிறுத்தாம, ஏம்மா, உன் தம்பி உன்கூடப் பேசி எத்தன வருஷம் ஆச்சுன்னு கேட்டார். அவ்ளோதான். பொலபொலன்னு கொட்டிருச்சு. பாவம், நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. அந்த அழுகைய வெட்டி எடுத்து கடிகாரத்துக்கு ஒட்டியாச்சு. ஒட்டினது நான்தான். கமெண்ட்ல, இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு எழுதித் தள்ளிட்டாங்க. அத்தை அதையெல்லாம் படிச்சு, மறுபடி கண் கலங்கினாங்க. அது நிஜம். அவங்களுக்கே எது எதுக்கு அழுதோம்னு மறந்துபோச்சு.

இன்னொரு கூத்து கேளுங்க. துக்கம் விசாரிக்கப் போனத எடுத்துட்டு வந்தாங்க. முன்னாடியே அடிச்சு வச்ச வரிசையில நான் மாத்தி எடுத்துட்டேன். பொறந்தநாள் வரிசை போய் துக்க வீட்டுல உக்காந்துக்கிச்சு. கேக் வெட்டுறோம்னு அமுக்கினா மாமா துண்டால கண்ணத் தொடைக்கறார். ஒரு நாள் பூரா சைட்ல கிடந்துச்சு. என்ன பண்ணினாங்களா? ஒண்ணும் பண்ணல. அடிக்கல, திட்டல. இந்த வீட்டுல யாரும் கெட்டவங்க இல்லங்க, அதத்தான் உங்களுக்குச் சொல்ல வர்றேன். அத்தை சிரிச்சாங்க. சிரிச்சு, நீ அறிவுக் கொழுந்துடி, இத வச்சே இன்னொரு வீடியோ எடுத்துடலாம்னாங்க. எடுத்தாங்க. கெட்டவங்களா இருந்தா சண்ட போட்டுட்டுக் கிளம்பிடலாம். நல்லவங்களோட என்னன்னு சண்ட போடறது? எதச் சொன்னாலும் அதுக்கும் ஒரு நிறுத்தம் வச்சிடுவாங்க.

மாப்பிள்ளையா? அவரும் கெட்டவர் இல்ல. சாப்பிட்ட தட்ட அவரே எடுத்துப் போடுவார். ஆனா கேமரா இல்லாதப்ப அவர் என்ன பேசுவார்னு எனக்குத் தெரியாது. நான் குறை சொல்லல. எனக்கு எங்க வீட்டுக்காரரே கேமரா இல்லாதப்ப என்ன பேசுவார்னு தெரியாதுங்க.

இருங்க. கதவு.

ஆங், ஓடிட்டிருக்குங்க. பாதி தாண்டிடுச்சு. ஆமா, பேசிட்டுத்தான் இருக்கோம், நல்லா பேசறாங்க. இல்ல, இப்பக் கூப்பிடாதீங்க, புடவைல மைக் மாட்டணும்ல, மாட்டிட்டு நானே கூட்டிட்டு வர்றேன். நீங்க அந்த லைட்ட சரி பண்ணுங்க, அத்தை முகத்துல நிழல் விழுதுன்னு போன தடவையே சொன்னாங்க. சாத்திட்டுப் போங்க.

அவர்தான். எங்க வீட்டுக்காரர். இந்தக் கோடு எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு பாக்க வந்தார். அது முடியற வரைக்கும் உங்களுக்குப் பேச்சுக் குடுத்து இங்கயே வச்சிருக்கணும்னு எனக்கு வேலை.

எழுந்திரிக்காதீங்க. சரி, எழுந்திரிச்சு நில்லுங்க, ஆனா கதவத் தொறக்காதீங்க. சொல்லி முடிச்சிடறேன். இப்ப ஓடினீங்கன்னா அதையும் எடுப்பாங்க. பொண்ணு வெக்கப்பட்டு ஓடுதுன்னு பேர் வச்சிடுவாங்க.

அத்தை உங்ககிட்ட ஜூஸ் பிடிச்சிருக்கான்னு எத்தன தடவ கேட்டாங்க, ஞாபகம் இருக்கா? திருப்பித் திருப்பிக் கேட்டாங்கல்ல? அன்பா கேக்கறாங்கன்னு நினைச்சிருப்பீங்க. அன்புதான், இல்லன்னு சொல்லல. ஆனா முதல் தடவ நீங்க தலைய மட்டும் ஆட்டினீங்க. அடுத்த தடவ சொன்னீங்க, வெளில எவனோ ஹாரன் அடிச்சுட்டான். அப்புறம்தான் மணி அடிச்ச மாதிரி சொன்னீங்க, பிடிச்சிருக்குங்கன்னு. கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே வேற. டீப்பாய் மேல பேப்பர் பூ வச்ச ஜாடி இருந்துச்சுல்ல, மைக் அதுக்குள்ள. உங்க அம்மா காதுல சொன்னது எனக்கு எப்படித் தெரியும்னு அப்புறம் சொல்றேன்னேன்ல, அப்படித்தான்.

இப்பப் புரியுதுங்களா? வீடியோல மாப்பிள்ளை உள்ள வர்றார், உக்கார்றார். அத்தை கேள்வி தனியா எடுத்து வச்சிருக்கு, எங்க பையனப் பிடிச்சிருக்காம்மான்னு. நீங்க ஊருக்குக் கிளம்பினதுக்கு அப்புறம் எடுத்தா ஆகாதான்னு கேட்டேன். அத்தை கேக்கறப்ப உங்க அம்மா முகமும் பக்கத்துல தெரியணுமாம். பதில் நீங்க குடுத்த பதிலே. பிடிச்சிருக்குங்க. வரிசையில அதுக்கு நிறுத்தம் போன வாரமே அடிச்சாச்சு. சம்மதம். அப்ப உங்க போட்டோவ மட்டும்தான் நான் பாத்திருந்தேன்.

ஏத்தட்டுமே, நான் இல்லன்னு சொல்லிடுவேன்னு நினைக்கறீங்கல்ல? கேக்க நல்லாத்தான் இருக்கு. ஏத்தின நிமிஷம் உங்க அம்மா போன் அடிக்கும். சித்தி, பெரியப்பா, கூடப் படிச்சவ, ஆபீஸ்ல பக்கத்து சீட்டு, எல்லாரும் வாழ்த்து. உங்க அப்பா யாருக்கோ போன் பண்ணி, எம் பொண்ணு வாயாலயே சொன்னா, பாத்தீங்களான்னு குரல் தழுதழுக்கச் சொல்லுவார். அந்தக் குரலுக்கு முன்னாடி நீங்க இல்லன்னு சொல்லணும். சொன்னா நீங்க மனசு மாறினவங்க. இத்தன பேர் பாக்க சரின்னுட்டு இப்ப முறுக்கறா பாருன்னு. அந்த நேரத்துல வாய் வராதுங்க. நான் சொல்றத நம்புங்க, வராது.

நிறுத்த முடியாதான்னா? முடியும். இந்தக் கட்டத்த அமுக்கினா நின்னுடும். அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஹாலுக்குப் போய் என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுக்கறேன். ஏன்னா எப்படிச் சொன்னாலும் வெட்டிடலாம்னு எனக்குத் தெரியும். இத்தன நாள் வெட்டின கை.

முதல்ல, ஒத்த வார்த்தையா பேசாதீங்க. சரி, ம், ஆமா, இதுக்கெல்லாம் வாயத் தொறக்கவே தொறக்காதீங்க. ஒத்த வார்த்தைய எங்க வேணும்னாலும் ஒட்டலாம். தலைய ஆட்டாதீங்க. அப்புறம், விருப்பம் இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நல்லா கவனிங்க. நம்ம பேச்சுல இல்லைங்கறது எங்க வருது? கடைசில வருது, வண்டிக்குப் பின்னாடி கட்டின பொட்டி மாதிரி. அத ஒரு வெட்டு வெட்டினா என்ன மிஞ்சும்? விருப்பம். எனக்கு இதுல விருப்பம்னு நின்னுடுவீங்க. இஷ்டம் இல்லன்னு சொன்னா இஷ்டம். சம்மதம் இல்லன்னு சொன்னா சம்மதம். எல்லாம் ஒரே கதைதான்.

பிடிக்கலன்னு சொல்லுங்க. பிடிக்கல. அத எங்க வெட்டினாலும் எதுக்கும் உதவாது. பிடி, பிடிக்க, அத வச்சு எவன் என்ன பண்ணுவான்? இல்லன்னா பண்ணிக்க மாட்டேன்னு சொல்லுங்க. மாட்டேன்ங்கறத வெட்டினா பண்ணிக்கன்னு அந்தரத்துல தொங்கும். நடுவுல மூச்சு விடாம சொல்லணும். மூச்சு விட்ட எடம்தான் நாங்க கத்தி வைக்கற எடம். உங்க அம்மா முகத்தப் பாத்துச் சொல்லுங்க, கேமராவப் பாக்காதீங்க. எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க.

இன்னும் கொஞ்சம் சத்தமா. இங்க கத்தினா யாருக்கும் கேக்காதுன்னேன்ல, நல்லா கத்துங்க.

ஆங். அதேதான். நல்லா இருந்துச்சுங்க.

எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்கறீங்களா? யாரும் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுத்திருந்தா நான் ஏன் இங்க நிக்கறேன்? என் வீடியோ நம்ம சைட்ல முதல் வரிசையில இருக்கும், பாத்திருப்பீங்க. மூத்த மருமகள் வந்த கதை. அதிகம் பேர் பாத்தது இன்னிக்கும் அதுதான். அதுல ஒரு எடத்துல நான் குனிஞ்சுக்கிட்டு, எனக்கு சம்மதம்னு சொல்லுவேன். அதுக்கு மேல அத்தை முகம், சிரிப்பு, எல்லாரும் கைதட்டல். எங்க அம்மா வீட்டுக்கு யார் வந்தாலும் டிவில அதப் போட்டுக் காட்டுவாங்க. அந்த வீட்டுக்கு நான் எப்படித் திரும்பிப் போறது? கதவத் தொறந்தா உள்ள நானே சம்மதம்னு சொல்லிக்கிட்டு இருப்பேன்.

நான் அன்னிக்கு சொன்னது, எனக்கு சம்மதம் இல்லைங்க.

மெதுவாத்தான் சொன்னேன். நடுவுல மூச்சு விட்டுட்டேன், பயம். எங்க வீட்டுக்காரர் அப்ப அவரே வெட்டுவார். சுமாராத்தான் வெட்டுவார், அன்னிக்குன்னு பாத்து நல்லா வெட்டிட்டார். வீடியோ வந்துச்சு, போன் அடிச்சுச்சு, எங்க அப்பா அழுதார். எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. நிஜமா இல்லன்னு சொன்னேனா, சொல்லணும்னு நினைச்சது மட்டும்தானான்னு. வருஷக் கணக்கா அந்த சந்தேகத்தோடதான் அவருக்கு சோறு போட்டேன். அப்புறம் இந்த வேலை என் தலைல விழுந்து, பழைய ஃபைலெல்லாம் ஒழுங்கு பண்ணும்போது ஒரு மூலைல கிடந்துச்சு. வெட்டிப் போட்டத அவர் அழிக்கக்கூட இல்ல. இல்லைங்க. அது மட்டும். சுண்டு விரல் நகம் அளவு சத்தம். ஹெட்போன் மாட்டிக்கிட்டு எத்தன தடவ கேட்டேன்னு தெரியாது. என் குரல்தான். நான் சொல்லித்தான் இருக்கேன். அன்னிக்கு நல்லா அழுதேன். நிறுத்தம் இல்லாத அழுகை.

அவர்கிட்ட கேக்கலையான்னா, கேட்டேன். நீ சும்மா கூச்சத்துல சொன்னடின்னார். சொல்லிட்டு, இதையே ஒரு வீடியோவா எடுக்கலாமான்னார். அதோட விட்டுட்டேன்.

நீங்க ஏன் இப்ப அழறீங்க? அழாதீங்க, மை கலையும், அதுக்கும் ஒரு பேர் வைப்பாங்க. இந்தாங்க, தொடைங்க. தண்ணி வேணுமா?

இதுவா? ஆமா, முடியப் போகுது. இத்தினூண்டுதான் பாக்கி. ஐயோ, கைய எடுங்க, அத அமுக்கிடாதீங்க! நிறுத்தக் கூடாது. இருங்க, பதறாதீங்க, அது உங்க வீடியோ இல்ல.

உங்களது நான் இன்னும் தொடங்கவே இல்லங்க. எங்க வீட்டுக்காரருக்கு எல்லாக் கோடும் நீலம்தான், வித்தியாசம் தெரியாது. ஜூஸ் பிடிச்சிருக்குன்னு நீங்க சொன்னத, நீங்க இந்த ரூமுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே அழிச்சிட்டேன். இனி அவங்களுக்கு ஒரு பிடிச்சிருக்கு வேணும்னா உங்ககிட்டதான் வந்து கேக்கணும். நீங்கதான் குடுக்கப் போறதில்லையே.

ஓடிட்டிருக்கறது என்னோடதுங்க. அந்தப் பழைய வீடியோ. முடிஞ்சதும் அதே பேர்ல, அதே எடத்துல தானே போய் உக்காந்துக்கும். எங்க அம்மா வீட்டு டிவிலயும் நாளைக்கு இதுதான் ஓடும். பெருசா ஒண்ணும் மாத்தல, வெட்டினத எடுத்த எடத்துலயே வச்சுட்டேன், அவ்ளோதான். அதுக்குன்னு ஒரு நிறுத்தமும் போட்டிருக்கேன், அமுக்கினா நேரா அங்க வந்து குதிப்பாங்க, என் முகம் முழுசா தெரியும். பேரா? இல்லைங்கன்னு வச்சிருக்கேன்.

முடிஞ்சுது. வாங்க, ஹாலுக்குப் போகலாம். முதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்.